மில்லிமீட்டர் கட்டிய படகுகள்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற மெக்கானிக்குகள், லிஃப்ட் வந்து நிற்கும் இடத்தைச் செருப்புக் காலால் ஒரு தடவு தடவிவிட்டு, "சரியாத்தான் நிக்குது, கெளம்பலாம்" என்று பையைத் தூக்கிவிடுவார்கள். இவர் மண்டி போட்டு உட்கார்ந்து, தரையும் லிஃப்டும் சேரும் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்துப் பார்ப்பார். நகம் தட்டியதோ, போச்சு. அந்தக் கட்டிடத்துக்காரர்கள் அன்றைக்கு முழுக்க மாடிப்படி ஏற வேண்டியதுதான்.

அவர் மனைவிக்கு டிரை கிளீனிங் கடையில் வேலை. சிகரெட் சுட்ட கோட்டு, பூச்சி அரித்த கம்பளி, ஆணியில் மாட்டிக் கிழிந்த கால்சட்டை எல்லாம் அவளிடம்தான் வரும். அதே துணியின் உள்மடிப்பிலிருந்து இழையை உருவி, அதே நெசவில் பின்னி மூடிவிடுவாள். இடது கைக்காரி. கடைக்காரர் துணியை வாடிக்கையாளரிடம் நீட்டி, "ஓட்டை எங்க இருந்துச்சுன்னு நீங்களே கண்டுபிடிங்க பாப்போம்" என்பார். யாராலும் முடிந்ததில்லை. அதில் அவளுக்கு ஒரு ரகசியக் கர்வம் உண்டு.

பிள்ளைகள் இல்லை. அதனால் வீட்டின் இரண்டாவது அறை படகுகளுக்கு என்று ஆகிவிட்டது. கடையில் பெட்டியில் வருமே, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளாக, அவற்றை வெட்டி ஒட்டிப் பெயின்ட் அடித்தால் அசல் கப்பல் உள்ளங்கைக்குள் வந்து உட்காரும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு அந்தப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்போது, யாருடனோ மல்லுக்கட்டிவிட்டு வந்தவர் மாதிரி இருப்பார். ஒட்டிய இடத்தில் முடி அளவு இடைவெளி தெரியும். அதற்குப் பட்டி பார்ப்பார். உப்புத்தாளால் தேய்ப்பார். பெயின்ட் அடிப்பார். காய்ந்த பிறகு பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் பெயின்டில் ஒரு தூசி உட்கார்ந்திருக்கும். உடனே மொத்தத்தையும் தின்னரில் ஊறப்போட்டு உரித்துவிடுவார்.

"நல்லாத்தானேங்க இருக்கு" என்பாள் அவள்.

"நல்லாத்தான் இருக்கு. சரியா இல்ல."

கட்டி முடித்ததைவிடப் பிய்த்துப் போட்டதுதான் அதிகம். முடித்து வைத்த நாலைந்தையும் குறை தெரியும் பக்கம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்திருந்தார். டாக்ஸி ஓட்டும் அவள் தம்பி வந்தால் சும்மா இருக்க மாட்டான். "மாமா, உங்க கப்பல் எப்பத்தான் தண்ணியில எறங்கும்?" என்பான். "எறங்குறப்ப மொதல்ல உன்னைத்தான் ஏத்துவேன், ஓட்டை இருக்கான்னு தெரிஞ்சுக்க" என்பார் அவர். ஆனால் ஒரு துண்டு கோணிக்கொண்ட அன்று அந்தக் கேலியும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. வாழ்க்கையின் பாதியை அவள் அந்த அறையின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே கழித்திருந்தாள். உஸ் என்று ஒரு மூச்சு வந்தால், இன்றைக்குப் படகு கெட்டது, பகலும் கெட்டது என்று அர்த்தம்.

நடுக்கம் வலது கட்டைவிரலில்தான் தொடங்கியது. கொஞ்ச நாள் கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு சமாளித்தார். பிறகு பாக்கெட்டே ஆடியது. டாக்டர் நல்ல மனிதர், பூசி மெழுகவில்லை. "மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். போக்காது. போகப்போகக் கூடும்" என்றார். கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பி வைத்தார்கள். வீட்டுக்கு வந்தவர் இரண்டாவது அறையைச் சாத்தினார். கூடத்தில், போடாத டிவிக்கு முன்னால் உட்கார்ந்தே மாதக்கணக்கில் பொழுதைத் தள்ளினார்.

ஒரு நாள் தம்பி ஒரு சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தான். துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுத்துப் போகும் குட்டிப் படகு, குழந்தைகளுக்கானது. "எட்டு வயசுப் பசங்க கட்டுறது மாமா. சும்மா கைக்கு வேலையா இருக்கட்டும்" என்று மடியில் வைத்துவிட்டுப் போனான். அவளுக்கு அவன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கை போன மனிதனிடம் போய் இதையா கொடுப்பது?

மறுநாள் அவள் சமையலறையில் இருந்தபோது, அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சத்தம் அங்கிருந்து வந்ததே இல்லை. கையிலிருந்த கரண்டியோடு ஓடினாள். மேசைமேல் படகு நின்றது. புகைக்கூண்டு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. ஜன்னல் ஸ்டிக்கர்கள் ஒன்றுக்கொன்று சண்டை போட்டுக்கொண்ட மாதிரி ஏறுமாறாக இருந்தன. மேல்தளத்தில் பசையில் பதிந்த அவருடைய கட்டைவிரல் ரேகை பளிச்சென்று தெரிந்தது.

"இங்க பாரு, பயலை! ஃபுல்லா ஏத்திக்கிட்டு வந்து நிக்கிறான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

அதன்பிறகு படகு மேல் படகாக வந்தது. மீன்பிடிப் படகு, ஆற்றைக் கடக்கும் படகு, தீயணைக்கும் படகு. எடுத்ததை எல்லாம் முடித்தார். மஞ்சள் டப்பா பக்கத்தில் இருந்தது என்பதற்காகவே ஒரு படகை மஞ்சளாக்கினார். ஒட்டும்போது கை ஆடித் துண்டு வேறெங்கோ போய் ஒட்டிக்கொண்டால், "அங்கயே இருக்கணும்னு ஆசைப்படுறான், இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார். நடக்கப் போகும்போது இரண்டு மூன்றைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்.

அவள் அதை நம்பவில்லை. முடி அளவு விலகினால் பட்டினி கிடந்த மனுஷன், புகைக்கூண்டு சரிந்து கிடந்தால் சிரிப்பாரா? வாய்தான் சிரிக்கிறது, உள்ளே வேறு என்று நினைத்தாள். ஒரு நாள், சிரித்து ஓய்ந்த பிறகு, படகைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்க உட்கார்ந்திருந்தவரைக் கதவிடுக்கு வழியே பார்த்தாள். அது போதுமாக இருந்தது அவளுக்கு. தன் எண்ணம் சரிதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

வாரத்தில் சில நாள் மதியம் தம்பியின் டாக்ஸியில் ஆஸ்பத்திரிக்கு உடற்பயிற்சிக்குப் போவார். அப்படிப் போயிருந்த ஒரு மதியம், மேசையைத் துடைக்கப் போனாள். மீன்பிடிப் படகின் கேபின் கோணலாக ஒட்டியிருந்தது. பசை இன்னும் இறுகவில்லை. இடது கட்டைவிரலால் லேசாக ஒரு அழுத்து அழுத்தினாள். நேராகிவிட்டது. வெளியே கிளம்புகிற புருஷனின் சட்டைக் காலரைச் சரிசெய்வது மாதிரிதான், வேறொன்றும் இல்லை.

அடுத்த முறை அழுத்தினால் போதவில்லை. மெல்லிய கத்தியை விட்டுப் பெயர்த்து மறுபடி ஒட்டினாள். அதற்கடுத்த முறை உப்புத்தாளை எடுத்தாள். பசை வழிந்த இடத்தைத் தேய்த்து, அதே பெயின்டைத் தொட்டு வைத்தாள். ஓட்டையே இல்லாத மாதிரி மூடிப் பழகிய கை, எதையும் கண்ணுக்குத் தெரியவிடவில்லை.

"நேத்து இது கோணலா இருந்த மாதிரி இருந்துச்சே" என்றார் அவர், படகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு.

"உங்க கண்ணுதான் கோணல்" என்று சிரித்தாள்.

இப்படியே சில வாரம் போனது. ஒரு நாள் காலையில் மாத்திரை அட்டையை எடுத்து, அதன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது கேக்குதும்மா."

"எது?"

"மாத்திரை. கை பழையபடி வருது. பாரு, இதை நான் ஒட்டினேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?"

படகை நீட்டிய கை எப்போதும் போல ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அவர் கையைப் பார்க்கவில்லை, படகைப் பார்த்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த முகம்! கல்யாணமான புதிதில்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. அதை எப்படி அணைப்பது? "அடுப்புல பாலு" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அன்றோடு அந்த அறையில் சிரிப்பு நின்றது. பூதக்கண்ணாடி மறுபடியும் வெளியே வந்தது. எப்போதோ வாங்கி, கை சுத்தமாகப் பழகட்டும் என்று பிரிக்காமலே வைத்திருந்த மூன்று பாய்மரக் கப்பலின் பெரிய பெட்டியை இறக்கிப் பிரித்தார். நெற்றிச் சுருக்கம் திரும்பி வந்தது. உஸ் என்ற மூச்சும் திரும்பி வந்தது. அவர் கெடுப்பதை அவள் சரிசெய்ய, சரியானதைப் பார்த்து அவர் இன்னும் நுணுக்கமாகப் போக, அவளால் ஈடுகொடுக்க முடியவில்லை. கடைக்காரரிடம் பொய் சொல்லி மதியங்களில் சீக்கிரம் வீட்டுக்கு வந்தாள். டாக்டரிடம் அவர், "நல்ல முன்னேற்றம் சார்" என்றார். டாக்டர் ஆடும் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "நம்பிக்கை இருக்கே, அது நல்லது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒரு நாள் அவர் கம்பெனிக்கு போன் போட்டுவிட்டார். பழைய சூப்பர்வைசர்தான் எடுத்தார். "சின்னச் சின்ன வேலை இருந்தாக்கூடப் போதும் சார், கை இப்ப நல்லா இருக்கு." அந்தப் பக்கம் மறுக்க மனம் வரவில்லை போலிருக்கிறது, வரச் சொல்லிவிட்டார்கள்.

கிளம்பும் காலையில் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வேன் என்று அடம்பிடித்தார். அவர் போட்டு முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. அவள் கருவிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்துப் போனா என்னங்க?"

"ஏன்?"

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தார். கீழே தம்பி ஹாரன் அடித்தான்.

"வெயிலா இருக்கே" என்றாள்.

"லிஃப்டுக்குள்ள ஏது வெயிலு?" என்று சிரித்துவிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே டாக்ஸி திரும்பி வந்தது. அவர் யாரையும் பார்க்காமல் நேராக இரண்டாவது அறைக்குள் போனார். தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"என்னடா ஆச்சு?"

"பட்டன் போர்டு மூடி ஒண்ணைக் கையில குடுத்தாங்கக்கா. நாலு ஸ்க்ரூ போடணும், அவ்வளவுதான். ஒண்ணுகூட ஏறல. கீழ விழ விழ அங்க இருந்த பசங்க குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கிக் குடுத்தானுங்க. யாரும் சிரிக்கலக்கா. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல." அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "திரும்பி வரச்சே ஒரு வார்த்தை பேசல. கையையே பாத்துக்கிட்டு வந்தாரு."

தம்பி போன பிறகும் அந்த அறையிலிருந்து சத்தமே இல்லை. அவள் சாப்பாட்டை எடுத்து வைத்தாள், மூடி வைத்தாள். கடைசியில் அவரே கூப்பிட்டார்.

"இந்தா, கொஞ்சம் வா."

ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். படகுகள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுத்து, பூதக்கண்ணாடியோடு அவளிடம் நீட்டினார்.

"உப்புத்தாள் தேய்ச்ச கீறலைப் பாரு. நான் தேய்ச்சா இப்படி விழும், வலப்பக்கமா ஏறி. இதுல எல்லாம் இடப்பக்கமா ஏறியிருக்கு. இந்த வீட்ல இடது கை யாருக்கு?"

குரல் உயரவே இல்லை. லிஃப்டில் என்ன பழுது என்று கட்டிடத்துக்காரரிடம் விளக்குவாரே, அதே குரல்.

அவள் பூதக்கண்ணாடியை வாங்கவில்லை.

"எத்தனையில?"

"எல்லாத்துலயும் இல்லங்க..."

"எத்தனையில?"

"நிறைய."

"ஏன்?"

"நீங்க மனசு ஒடஞ்சு போயிடுவீங்கன்னு. ஒரு துளி விலகினாலே சோறு தண்ணி இல்லாம கெடந்த ஆளாச்சே. இதை எப்படித் தாங்குவீங்கன்னு..."

"நான் சிரிச்சேனே. நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்புறம்?"

"உள்ள அழுறீங்கன்னு நெனச்சேன்."

அவர் படகைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்தார். அதை வைப்பதற்கே மூன்று முறை முயல வேண்டியிருந்தது. அவள் கை தானாக உதவிக்கு நீண்டது. அவர் பார்த்த பார்வையில் பின்வாங்கிக்கொண்டது.

"ஆயுசுல மொத தடவையா வெளாண்டுக்கிட்டு இருந்தேன்" என்றார். "கோணலா இருந்தா இருக்கட்டும்னு எனக்கு விட்டுப்போச்சு. எப்படி விட்டுச்சுன்னு எனக்கே தெரியல. அதை நெனச்சா கண்ணு கலங்கும். இத்தனை வருஷம் இது தெரியாமப் போச்சேன்னு." கவிழ்ந்து கிடந்த படகுகளை ஒருமுறை பார்த்தார். "கோணலை உன்னாலதான் பாக்க முடியல. எனக்காகன்னு சொல்லாத."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அவரால் தாங்க முடியாது என்று தான் நினைத்ததெல்லாம், தன்னால் தாங்க முடியாததுதானோ என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. திடமான கை அவருடையது. அந்தக் கையை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள். அந்தக் கை கட்டிய சரிந்த புகைக்கூண்டை ஒவ்வொரு நாளும் பார்ப்பது, நோயை ஒவ்வொரு நாளும் பார்ப்பது மாதிரி இருந்தது அவளுக்கு.

"மாத்திரை கேக்குதுன்னு நெனச்சேன்" என்றார் அவர், அவளிடம் அல்ல, ஜன்னலிடம். அவர் திட்டியிருந்தால், எதையாவது எடுத்து வீசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். இந்த ஒரு வாக்கியத்தை அவளால் தாங்க முடியவில்லை. சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. அன்று இரவு சாப்பிட்டார். மறுநாள் மழை வரும் போலிருக்கிறது என்று பேசினார். ஆனால் அந்த அறைக்குள் அதன் பிறகு போகவில்லை. மாதங்கள் கழித்து, அவளே ஒரு பொம்மைக் கடைக்குப் போய், முதலில் வந்த அதே குட்டிப் படகின் பெட்டியைத் தேடி வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தாள். "நான் தொடவே மாட்டேங்க. அந்தப் பக்கமே வரமாட்டேன்" என்றாள்.

பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்தார். மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். "நீயே கட்டு. உனக்கு நல்லா வரும்."

குத்திக் காட்டவில்லை. மனதாரத்தான் சொன்னார்.

வருடங்கள் ஓடின. நடுக்கம் இடது கைக்கும் வந்தது, பிறகு நடை குறைந்தது, பிறகு பேச்சு தேய்ந்தது. அவள் ஊட்டினாள், குளிப்பாட்டினாள், பொத்தான் போட்டுவிட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார். தோசை பிய்த்துத் தருவது முதல் எதை வேண்டுமானாலும் அவள் செய்யலாம் என்று ஆகிவிட்ட உடம்பில், ஒரு மூலை மட்டும் அவளுக்குப் பூட்டியே இருந்தது. அவள் தட்டிப் பார்க்கவும் பயந்தாள்.

பிரிக்காத பெட்டிகள் சில மீந்திருந்தன. சும்மா கிடந்து என்ன பயன் என்று அவற்றைப் படகு விற்கும் கடையிலேயே கொடுத்துவிடலாம் என ஒரு நாள் எடுத்துப் போனாள். கடைக்காரர் பெட்டிகளைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"நீங்க மில்லிமீட்டர் சார் வீட்டுக்காரங்களாம்மா? எப்படி இருக்காரு? அவரை மாதிரி ஒரு ஆளு இந்தக் கடைக்கு வந்ததே இல்ல. இங்க வர்றவங்க எல்லாம் உம்முனு வருவாங்க, உம்முனு போவாங்க. இவரு பையில படகைக் கொண்டாந்து வரிசையா அடுக்குவாரு. 'இது காலையில மாத்திரை போடறதுக்கு முன்னாடி கட்டினது, இது போட்டப்புறம் கட்டினது, எது அதிகமா சாஞ்சிருக்கு சொல்லுங்க'ன்னு போட்டி வெப்பாரு. கடையே சிரிக்கும். எல்லாரையும்விட அவருதான் அதிகமாச் சிரிப்பாரு."

அவர் கை காட்டிய இடத்தில், கல்லாவுக்குப் பக்கத்தில், ஒரு பச்சைப் படகு இருந்தது. ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்து, பசை வழிந்து, கொடிக்கம்பம் வானத்துக்குப் பதில் கடைக்காரரின் பேனாக்களைக் காட்டிக்கொண்டு நின்றது. அது அவள் கைபடாத படகு.

"இதை எனக்குத் தர்றீங்களா?"

கடைக்காரர் தயங்கினார். "அவரு எனக்குன்னு குடுத்ததும்மா. தப்பா நெனச்சுக்காதீங்க."

"இல்ல இல்ல. இங்கயே இருக்கட்டும்" என்றாள். கை கொடிக்கம்பத்தை நோக்கி எழுந்ததை அப்போதுதான் கவனித்தாள். மடக்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். "கடையில உங்க படகைப் பாத்தேன். பச்சை."

வெகுநேரம் கழித்து அவர் உதடு அசைந்தது. "சாஞ்சு... இருக்கா?"

"நல்லா சாஞ்சிருக்குங்க."

அவர் முகம் அப்போது நோயில் விறைத்துப் போயிருந்தது. சுளிப்பும் சிரிப்பும் ஒன்று போலத்தான் தெரியும். வாயின் ஓரம் கொஞ்சம் இழுபட்டது. அது என்ன என்று அவள் குனிந்து பார்த்தாள். முன்பு ஒருமுறை பார்த்தவுடன் முடிவு கட்டியவள், இந்த முறை துணியவில்லை.

"சிரிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.

அவர் பதில் சொல்ல முயன்றார். "தண்ணி" என்றார். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கரண்டியால் புகட்டினாள். குடித்தபின் அவர் கண்ணை மூடித் தூங்கிப்போனார்.

அவர் அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. தம்பிதான் எல்லாக் காரியத்தையும் பார்த்தான். இரண்டாவது அறையைக் காலி செய்து, வாடகைக்கு யாராவது வரட்டும் என்று சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தான். அவள் இன்னமும் அந்த டிரை கிளீனிங் கடைக்குப் போகிறாள். கண்ணாடியின் பவர் கூடிவிட்டது. கிழிசல்கள் இப்போதும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வேலை நடுவே ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட வேண்டும்.